ஜப்பானிய வரியில் இடைவெளி தட்டலாமா? 43 சிவப்புக் குறிகளின் கதை

1 · வெள்ளைத்தாள்

வணக்கம். மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்றில் பக்க வடிவமைப்பு என் தொழில். தமிழ், மலையாளம், இந்தி, ஆங்கிலம் எல்லாம் கைப்பழக்கம். ஜப்பானியத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தெரியாமலேயே ஒப்பேற்றிவிடலாம் என்ற துணிச்சலில் ஒரு காபி இயந்திரத்தின் கையேட்டை ஜப்பானிய வலைப்பக்கமாகக் கட்டிக் கொடுத்தேன்.

வாடிக்கையாளர் தரப்பில் சரிபார்க்கும் அம்மையார் பக்கத்தை அச்செடுத்து, சிவப்பு மையால் குறியிட்டு, படம் பிடித்து அனுப்பினார். எண்ணிப் பார்த்தேன், 43 குறிகள். ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்லவில்லை. எல்லாமே வரி ஒடிந்த இடங்களும் வெற்றிடங்களும்தான்.

ஒரு தலைப்பில் இரண்டாம் வரி சின்னக் கோடு ஒன்றுடன் தொடங்கியிருந்தது. அதைச் சுற்றி இரண்டு வட்டம். ஜப்பானியம் படிக்கும் தோழியிடம் காட்டினேன். காபி என்ற சொல் நடுவில் உடைந்திருக்கிறது என்றார். எது எது சொல் என்று பென்சிலால் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். சொல்லுக்குச் சொல் இடைவெளி விசையை ஒரு தட்டு. அடுத்த சுற்றில் குறிகள் குறையவில்லை, கூடின. பிறகு எங்கோ படித்து, சில தலைப்புகளில் அந்த இடைவெளிகளை அழித்துவிட்டு, சொல் உடையாமல் காக்கும் 'கீப்-ஆல்' என்ற சிஎஸ்எஸ் (பக்கத் தோற்றத்தை வகுக்கும் மொழி) கட்டளையைப் போட்டேன். கணினியில் அழகாக நின்றது. கைப்பேசியில் வரி திரையைத் தாண்டி ஓடிவிட்டது.

இன்னொன்று எனக்குப் புரியவே இல்லை. தலைப்புகளை விடுங்கள், உள்ளே பத்திகளில் நான் கை வைக்கவே இல்லை. அங்கேயும் வாக்கியத்தின் நடுவில் வெற்றிடங்கள் இருப்பதாக வட்டம் போட்டிருக்கிறார். என் திரையில் அவை தெரியவில்லை, அவர் திரையில் தெரிகின்றன. கோப்புக்குப் பேய் பிடித்திருக்கிறதா?

2 · முட்டுக்கட்டை

தலைப்புகளைப் படமாக்கிப் போட்டுவிடுங்கள். ஒடியாது, உடையாது. மாலைக்குள் வீடு போய்ச் சேரலாம்.

3 · நிரலி

கண்பார்வை இல்லாதவருக்குத் திரைவாசிப்பான் அந்தப் படத்தில் எதைப் படித்துக் காட்டும்? தேடுபொறிக்கு என்ன கிடைக்கும்? அடுத்த பதிப்பில் ஒரு சொல் மாறினால் படத்தை மறுபடி வரைவது யார்? வேண்டாம்.

வெள்ளைத்தாள், பக்கத்தின் மூல ஹெச்டிஎம்எல் (வலைப்பக்கத்தை எழுதும் குறிமொழி) கோப்பில் ஒரே ஒரு பத்தியைப் பாருங்கள். நீண்ட ஒற்றை வரியாக இருக்கிறதா, பல வரிகளாக மடிந்திருக்கிறதா? மேலே மொழிக்குறி என்னவென்று போட்டிருக்கிறீர்கள்? இரண்டையும் சொல்லுங்கள். பேயின் முகவரி எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

4 · யோகோஹாமாவாசி

பேயை நிரலி பார்த்துக்கொள்ளட்டும். நான் அந்தக் காபியிலிருந்து தொடங்குகிறேன்.

அவர்கள் உச்சரிப்பில் அது 'கோஹீ'. வெளிநாட்டுச் சொற்களை எழுதும் கதகனா எழுத்தில் நான்கு கட்டங்கள்: கொ, ஒரு கோடு, ஹி, இன்னொரு கோடு. அந்தக் கோடு முன்னெழுத்தின் உயிரை நீட்டும் குறி. நம் துணைக்கால் போல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தனக்கென்று ஒரு முழுக் கட்டத்தை எடுத்துக்கொள்ளும் துணைக்கால். உங்கள் தலைப்பில் முதல் வரி 'கொ'வோடு முடிந்து, கோடு அடுத்த வரிக்குப் போய்விட்டது. துணைக்காலை மட்டும் அடுத்த வரியில் பார்த்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதைவிட மோசம், வரித் தொடக்கத்தில் தனியாக நிற்கும் அந்தக் கோடு 'ஒன்று' என்ற கஞ்சி எழுத்தைப் (சீனத்திலிருந்து வந்த எழுத்துவகை) போலவே இருக்கும். வாசிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். இரண்டு வட்டம் போட்டதில் வியப்பில்லை.

இப்போது அடிப்படை. தமிழில் வரி ஒடிய வேண்டுமென்றால் இடைவெளி வேண்டும். இடைவெளி இல்லாத இடத்தில் கணினி ஒடிக்காது. ஜப்பானியத்தில் இது தலைகீழ். எந்த இரண்டு எழுத்துக்கு நடுவிலும் ஒடிக்கலாம், விலக்கு இருக்கும் இடங்களைத் தவிர. சொல்லின் நடுவிலும் ஒடிக்கலாம். பத்திகளில் அதை எவரும் பிழையாகக் கருதுவதில்லை. நாளிதழைப் பிரித்தால் வரிக்கு வரி சொற்கள் உடைந்துதான் கிடக்கும், கண் தடுக்குவதே இல்லை. அந்த விலக்குகளின் தொகுப்புக்குக் 'கின்சோகு' என்று பெயர், தடைவிதி என்று பொருள். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, மூடும் மேற்கோள், சின்ன அளவில் எழுதும் கனா எழுத்துகள் (ஹிராகனா, கதகனா என்னும் ஒலியெழுத்துகள்), உங்கள் காபிக் கோடு, முன்னெழுத்தைத் திரும்பச் சொல்லும் குறி, இவை எல்லாம் வரியின் தலையில் வரக்கூடாது. திறக்கும் மேற்கோளும் அடைப்பும் வரியின் வாலில் நிற்கக்கூடாது. இரட்டையாக எழுதும் புள்ளித்தொடரையும் நீள்கோட்டையும் நடுவில் பிளக்கக்கூடாது.

இவை இணையம் வந்து பிறந்த விதிகள் அல்ல. கணினிக்கான வடிவில் ஜப்பானியத் தொழில்தரம் ஜேஐஎஸ் எக்ஸ் 4051 இவற்றை 1993இல் எழுதிவைத்தது, 2004 வரை திருத்தியது. வலைக்காக அதே அறிவை விளக்கி, வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஓர் ஆவணம் வெளியிட்டது, முதல் பதிப்பு 2009. பக்கம் பக்கமாகப் படங்களோடு இருக்கும். அந்த ஆவணத்தைப் படித்த பிறகுதான் நான் இத்தனை ஆண்டு எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றே எனக்குத் தெரிந்தது.

ஆக, இடைவெளி தட்டி நீங்கள் சொல்லைக் காப்பாற்றவில்லை. ஜப்பானிய வாசகருக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு ஒரு பள்ளம் தோண்டினீர்கள்.

5 · புலவர்திண்ணை

குறுக்கே வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இடைவெளியே இல்லாமல் எழுதினால் எங்கே சொல் முடிகிறது என்று எப்படித் தெரியும்? நம் ஏட்டுச் சுவடிகளும் இடைவெளி இல்லாதவையே. அதனால்தான் 'செம்பொன்பதின்தொடி' என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டு வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தொடி என்பது பழைய நிறை அளவு. செம்பொன் பதின்தொடி என்றால் பத்துத் தொடிப் பொன், செம்பு ஒன்பதின்தொடி என்றால் ஒன்பது தொடிச் செம்பு. பிரிக்கும் இடத்தில் பொன் செம்பாகிவிடுகிறது. ஜப்பானியருக்கு இந்தத் தொல்லை இல்லையா?

6 · யோகோஹாமாவாசி

இருக்கிறது ஐயா, அதுவும் உங்கள் செம்பொன்னுக்கு நேர் உடன்பிறப்பாகவே ஒன்று இருக்கிறது. இங்கே எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்லும் வாக்கியம்: 'கொகொதெஹகிமொனொஒநுஇதெகுதசஇ'. ஒரு வாசலில் இப்படிக் கனா எழுத்தில் மட்டும் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'கொகொ தெ, ஹகிமொனொ ஒ' என்று பிரித்தால் 'இங்கே காலணியைக் கழற்றுங்கள்'. 'கொகொ தெவா, கிமோனோ ஒ' என்று பிரித்தால் 'இங்கே கிமோனோவைக் கழற்றுங்கள்'. நடுவில் இருக்கும் ஒரே 'ஹ' எழுத்து, சொல்லின் தலையில் நின்றால் ஹ, இடைச்சொல்லாக நின்றால் வா. எழுத்து மாறவில்லை, விருந்தாளியின் மானம் போகிறது.

நடைமுறையில் இந்தக் குழப்பம் வராததற்குக் காரணம் கஞ்சி. பெயர்ச்சொல்லும் வினையடியும் பெரும்பாலும் கஞ்சியில் இருக்கும், உருபும் விகுதியும் ஹிராகனாவில் இருக்கும், வெளிநாட்டுச் சொல் கதகனாவில் இருக்கும். எழுத்துவகை மாறும் இடமே வாசகரின் கண்ணுக்கு எல்லைக்கல். மேலே சொன்ன வாக்கியத்தில் காலணியைக் கஞ்சியில் எழுதினால் குழப்பம் அங்கேயே தீர்ந்தது.

கஞ்சி இல்லாத இடங்களில் மட்டும் அவர்களும் இடைவெளி விடுகிறார்கள். தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்புப் பாடநூல், குழந்தைகளின் படக்கதை, பிரெய்ல் எழுத்து, கனாவை மட்டும் காட்டிய பழைய வீடியோ விளையாட்டுகள். இதற்கு 'வகாச்சிகாகி', பிரித்தெழுதல், என்று பெயர். அங்கேயும் நம்மைப் போலச் சொல்லுக்குச் சொல் அல்ல, உருபோடு சேர்ந்த தொடர்த்துண்டு வாரியாகப் பிரிப்பது பெருவழக்கு. அந்தத் துண்டின் பெயர் 'புன்சேத்ஸு'. பள்ளியில் அதைக் கண்டுபிடிக்க ஆசிரியர் கற்றுத்தரும் உபாயம் வேடிக்கையானது. வாக்கியத்தைப் படித்துக்கொண்டே போகும்போது எங்கெங்கே 'நெ' என்ற ஒலியை இயல்பாகச் செருக முடிகிறதோ அங்கெல்லாம் துண்டு முடிகிறது. நம் ஊரில் 'நான் வந்து, நேற்று வந்து, கடைக்கு வந்து' என்று சிலர் பேசுவார்களே, அந்த 'வந்து' போல. என் மகள் இரண்டாம் வகுப்பில் இதை வீட்டில் உரக்கச் செய்துகொண்டிருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

கணினிக்கு இது அவ்வளவு எளிதல்ல. தோக்கியோ மாநகரத்தைக் கஞ்சியில் மூன்று எழுத்தில் 'தோக்கியோ-தோ' என்று எழுதுவார்கள். அதன் கடைசி இரண்டு எழுத்தைத் தனியாகப் பார்த்தால் அது 'கியோத்தோ'! கியோத்தோ என்று தேடியவருக்குத் தோக்கியோவின் விடுதிகளைக் கொண்டுவந்து கொட்டுவது, சொல் பிரிக்கத் தெரியாத தேடுபெட்டியின் பழைய வியாதி. தலைப்பில் முதல் எழுத்துக்குப் பிறகு வரி ஒடிந்தால் இரண்டாம் வரி 'கியோத்தோ' என்று தொடங்கும். விதிப்படி அதில் தவறே இல்லை, பார்க்கத்தான் சகிக்காது.

7 · புலவர்திண்ணை

கிமோனோவைக் கழற்றச் சொன்ன வாசலை எண்ணி இரவெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தேன். நன்றி. நாளை வகுப்பில் செம்பொன்னுக்குப் பிறகு இதுதான்.

8 · ஈயக்கட்டை

நான் கம்போசிட்டராக (அச்சுக்கோப்பவராக) இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்டிக்கைக் கையில் பிடித்து எழுத்து கோத்தவனுக்கு இந்தப் பேச்சு கொஞ்சம் விளங்கும் என்பதால் எழுதுகிறேன். ஜப்பானிய அச்சு எனக்குப் படிப்பறிவுதான், கைப்பழக்கம் அல்ல.

எங்கள் கேஸில் (எழுத்துக் கட்டைப் பெட்டியில்) தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வோர் அகலம். 'ர' ஒல்லி, 'ணை' தடிமன். வரியை நிரப்ப சொல்லுக்கு நடுவே ஸ்பேஸ் கட்டையைச் செருகுவோம், போதவில்லை என்றால் இன்னொரு மெல்லிய ஸ்பேஸ். ஆக, வெற்றிடம் என்பதே எழுத்துக்கு வெளியே இருக்கும் தனி உலோகத்துண்டு. ஜப்பானில் அப்படி இல்லை. ஷாங்காயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய வில்லியம் காம்பிள் 1869இல் நாகசாகிக்கு வந்து, மோத்தோகி ஷோஸோ என்பவருக்கு மின்முலாம் முறையில் எழுத்து வார்க்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். அந்த வழியில் வளர்ந்த அச்செழுத்து ஒவ்வொன்றும் சரியான சதுரம். சதுரத்தோடு சதுரத்தை ஒட்டி அடுக்கினால் வரி நிறைந்தது. நடுவில் எதையும் செருகாமல் அடுக்குவதே அவர்களுக்கு இயல்பு நிலை, அதற்கு 'பெத்தாகுமி' என்று பெயர்.

சிக்கல் நிறுத்தக்குறியில்தான். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் மேற்கோளும் உண்மையில் அரைச் சதுரம்தான். மீதி அரை, வெற்றிடம். இன்றைய கணினி எழுத்துருவில் இரண்டையும் சேர்த்து முழுச் சதுரமாகக் கொடுத்துவிட்டார்கள். வாசகர் காற்புள்ளிக்குப் பின்னால் பார்க்கும் இடைவெளி யாரும் தட்டியது அல்ல, அந்தக் காற்புள்ளியின் உடம்பிலேயே இருப்பது. கிடைவரியில் புள்ளி சதுரத்தின் கீழ் இடது மூலையில் உட்கார்ந்திருக்கும், செங்குத்து வரியில் மேல் வலது மூலையில்.

இந்த அரைச் சதுரத்தில்தான் வரி நிரப்பும் வித்தை முழுவதும் இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வரிக்கு 20 எழுத்து, ஓர் எழுத்து 16 பிக்சல், வரி 320. இருபத்தோராவதாக முற்றுப்புள்ளி வருகிறது. அது அடுத்த வரியின் தலைக்குப் போகக்கூடாது. என்ன செய்வது?

முதல் வழி உள்ளே இழுப்பது, 'ஒய்கோமி'. வரியில் ஏதாவது ஒரு காற்புள்ளி இருந்தால் அதன் பின்னால் உள்ள அரைச் சதுரத்தை, 8 பிக்சலை, பிடுங்கிக்கொள்ளலாம். முற்றுப்புள்ளிக்கும் மை இருக்கும் அரை மட்டும் போதும், அதுவும் 8. கணக்கு தீர்ந்தது. வரியில் காற்புள்ளியே இல்லை என்றால் இரண்டாவது வழி, வெளியே தள்ளுவது, 'ஒய்தாஷி'. இருபதாவது எழுத்தையும் முற்றுப்புள்ளியோடு சேர்த்துக் கீழே அனுப்பிவிடுவது. மீதி 19 எழுத்து, 304 பிக்சல். குறையும் 16 பிக்சலை 18 சந்துகளில் பங்கிட்டால் சந்துக்கு ஒரு பிக்சலுக்கும் குறைவு. கண் கண்டுபிடிக்காது, ஆனால் அடுத்த வரியோடு எழுத்துகள் நேர்நேராக நிற்பது கெட்டுப்போகும். மூன்றாவது, முற்றுப்புள்ளியை வரிக்கு வெளியே ஓரத்தில் தொங்கவிடுவது. காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் மட்டுமே இந்தச் சலுகை, மேற்கோளுக்குக் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் 400 கட்டத் தாளில் கட்டுரை எழுதும்போதும் இதையே செய்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் எழுத்தோடு புள்ளியையும் சேர்த்து நெருக்கி வைத்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் தொங்கவிட்டதுதான் அழகு. எழுத்து அத்தனையும் தன் சதுரத்தில் நிற்கும். ஆனால் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் இதில் சண்டை உண்டு.

9 · வெள்ளைத்தாள்

ஐயா, அந்த 8 பிக்சல் கணக்கை மூன்று முறை படித்தேன். இத்தனை நாள் காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பதை இடைவெளி என்று நினைத்து, இரண்டு இடத்தில் அழிக்கப் பார்த்திருக்கிறேன்! அழிவிசையைத் தட்டினால் காற்புள்ளியே போனது. ஏன் என்று இப்போது தெரிகிறது.

நிரலி கேட்டது: மூலக் கோப்பில் ஒவ்வொரு பத்தியும் ஏழெட்டு வரியாக மடிந்திருக்கிறது. என் திருத்தியில் வரி நீண்டால் தானாக மடிக்கும் வசதியை எப்போதோ இயக்கிவைத்தேன். மொழிக்குறி 'ஜேபி' என்று போட்டிருக்கிறேன், ஜப்பான்தானே.

10 · நிரலி

பேய் பிடிபட்டது. இரண்டு பேய்கள்.

மூலக் கோப்பில் நீங்கள் வரியை மடித்தால், அந்த மடிப்பை உலாவி ஓர் இடைவெளியாகத்தான் மாற்றும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அது சரி, சொல்லுக்கு நடுவில்தானே மடித்திருப்போம். ஜப்பானியத்தில் சொல்லின் வயிற்றில் மடித்திருப்பீர்கள், அங்கே ஒரு வெற்றிடம் முளைக்கும். மடிப்பின் இரண்டு பக்கமும் முழு அகல எழுத்து இருந்தால் அந்த மடிப்பை விழுங்கிவிடலாம் என்று சிஎஸ்எஸ் விதி சொல்கிறது, ஃபயர்பாக்ஸ் அதை விழுங்குகிறது. நீங்கள் பார்த்தது ஃபயர்பாக்ஸில் என்று பந்தயம் கட்டுகிறேன். அந்த அம்மையார் விழுங்காத உலாவியில் பார்த்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், ஜப்பானில் உருவான டெக் அச்சுக்கோப்பு மென்பொருள் 'பீடெக்' இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டது. அதில் ஜப்பானிய எழுத்துக்குப் பிறகு வரும் வரிமடிப்பு இடைவெளி ஆவதே இல்லை. வலைதான் தாமதம். ஒரு பத்தி, ஒரே வரி என்று மூலக் கோப்பை மாற்றுங்கள், போதும்.

இரண்டாவது, 'ஜேபி' என்பது நாட்டின் குறி. மொழியின் குறி 'ஜேஏ'. இந்தப் பிழையைச் செய்யாத ஆளை நான் பார்த்ததில்லை. மொழிக்குறி தவறினால் சில கஞ்சி எழுத்துகள் சீன வடிவில் தோன்றக்கூடும், மொழியைப் பார்த்து முடிவெடுக்கும் ஒடிப்பு விதிகளும் வேலை செய்யா.

காபிக்கு மருந்து 'லைன்-பிரேக்' என்ற சிஎஸ்எஸ் பண்பு. அதில் 'ஸ்ட்ரிக்ட்' என்று கொடுத்தால் நீட்டல் கோடும் சின்னக் கனாவும் வரித்தலைக்கு வராது. 'நார்மல்' என்றால் அவை வரலாம், ஆனால் திருப்பிச்சொல்லும் குறி வராது. 'லூஸ்' என்றால் அதுவும் வரும். கண்டிப்புக்கு ஏன் இத்தனை படி என்று கேட்பீர்கள். நாளிதழின் பத்தி மிகக் குறுகலானது. பத்துப் பன்னிரண்டு எழுத்துள்ள வரியில் எல்லா விலக்கையும் கடைப்பிடித்தால் வரி ஓட்டை ஓட்டையாகிவிடும், அதனால் தளர்த்துகிறார்கள். கைப்பேசித் திரையும் ஒரு நாளிதழ்ப் பத்திதான். கையேட்டுக்கு நான் ஸ்ட்ரிக்ட் போடுவேன்.

'கீப்-ஆல்' அடிப்படையில் கொரியத்துக்குப் பொருந்துவது. கொரியர் நம்மைப் போல இடைவெளி விட்டு எழுதுகிறவர்கள். ஜப்பானியத்தில் இடைவெளியே இல்லாததால் அடுத்த நிறுத்தக்குறி வரை முழுவதும் ஒரே சொல்லாகி ஓடிவிடும். உங்கள் கைப்பேசி விபத்து அதுதான்.

11 · முட்டுக்கட்டை

எல்லாம் சரி. ஆனால் 'ஜப்பானியத்தில் இடைவெளி எழுத்து கிடையாது' என்று எல்லாரும் சேர்ந்து பாடுகிறீர்களே, ஒன்றைக் கவனித்தீர்களா? 1978இல் அவர்கள் வகுத்த கஞ்சிக் குறியீட்டு அட்டவணையில் முதல் வரிசையின் முதல் கட்டத்தில், ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கெல்லாம் முன்னால், உட்கார்ந்திருப்பது யார்? முழு அகல வெற்றிடம். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் அதுவே யூ+3000. தட்டவே கூடாத எழுத்துக்கு முதல் நாற்காலியை எவன் கொடுப்பான்?

12 · யோகோஹாமாவாசி

இந்த முறை முட்டுக்கட்டை சரியான இடத்தில் முட்டியிருக்கிறார். அந்தச் சதுர வெற்றிடம், 'ஸென்காகு ஸ்பேஸ்', ஜப்பானியத்தின் சொந்தப் பிள்ளை. ஆனால் சாதாரண உரையில் சொல்லைப் பிரிப்பது அதன் வேலை அல்ல. பத்தியின் தொடக்கத்தில் ஒரு சதுரம் உள்தள்ளுவதற்கு அதைத்தான் தட்டுகிறார்கள். வாக்கியம் கேள்விக்குறியிலோ வியப்புக்குறியிலோ முடிந்து அடுத்த வாக்கியம் தொடர்ந்தால், நடுவில் ஒரு சதுரம். குடும்பப் பெயருக்கும் தன் பெயருக்கும் நடுவில், படிவங்களில், ஒரு சதுரம்.

விசைப்பலகையிலும் ஒரு சுவை உண்டு. ஜப்பானிய உள்ளீட்டில் இடைவெளி விசையின் முதல் வேலை இடைவெளி போடுவது அல்ல. தட்டிய கனாவைக் கஞ்சியாக மாற்றுவதற்கு அதைத்தான் அழுத்துகிறார்கள். மாற்ற எதுவும் மீதி இல்லாதபோது அழுத்தினால்தான் முழு அகல வெற்றிடம் விழும். நாள் முழுக்க அந்த விசையை அடித்துக்கொண்டே இருப்பார்கள், பக்கத்தில் ஒரு வெற்றிடமும் இருக்காது.

13 · நிரலி

அந்தப் பிள்ளையால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு வேலையில் இரண்டு பட்டியல்களில் இருந்த பெயர்களை ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டியிருந்தது. கண்ணுக்கு ஒரே பெயர், நிரலுக்கு இரண்டு ஆள். ஒன்றில் சாதாரண இடைவெளி, மற்றதில் சதுர வெற்றிடம். இரண்டு நாள் தேடினேன். பிறகு யூனிகோட் இயல்பாக்கத்தில் என்எஃப்கேசி என்ற முறையைப் பயன்படுத்தி எல்லாவற்றையும் சாதாரண இடைவெளியாக்கினேன். தீர்ந்தது என்று மகிழ்ந்து, அதே கருவியை அடுத்த கோப்புறையில் இருந்த கட்டுரைகள் மேலும் ஓட்டிவிட்டேன். அத்தனை பத்திகளின் உள்தள்ளலும் போனது. சதுரம் சாதாரண இடைவெளியானதும் ஹெச்டிஎம்எல் அதை வரித்தொடக்கத்தில் விழுங்கிவிட்டது. சதுரமாக இருந்தவரை விழுங்காது, ஹெச்டிஎம்எல்லின் கணக்கில் அது வெற்றிடமே அல்ல.

பைத்தானில் நிரல் வரியின் தொடக்கத்தில் அது ஒன்று விழுந்தால் பிழைச்செய்தி வரும், ஜாவாஸ்கிரிப்ட் அதை வெற்றிடமாக ஏற்றுக்கொண்டு போய்விடும். ஒரே எழுத்து, ஆளுக்கொரு நியாயம்.

அதனால் என் கட்சி தெளிவு: உள்தள்ளல் தோற்றம் சார்ந்தது, அதை சிஎஸ்எஸ் செய்யட்டும். உரைக்குள் வெற்றிடம் தட்டுவது மேசைக்கு நான்காவது காலாகச் செங்கல்லை வைப்பது போல.

14 · ஈயக்கட்டை

நிரலி அம்மா சொல்வது கையேட்டுக்குச் சரி. நாவலுக்குச் சரியாகாது. ஜப்பானிய நாவலில் விவரிப்புப் பத்தி ஒரு சதுரம் உள்ளே தொடங்கும், உரையாடல் மட்டும் திறக்கும் மேற்கோளோடு வரித்தலையை ஒட்டியே தொடங்குவது பல பதிப்பகங்களின் வழக்கம். சில பதிப்பகங்களில் அரைச் சதுரம் உள்ளே. எல்லாப் பத்தியையும் ஒரே அளவில் தள்ளும் கட்டளை உரையாடலையும் சேர்த்துத் தள்ளிவிடுமே?

15 · நிரலி

உரையாடல் பத்திக்குத் தனி வகுப்பு (சிஎஸ்எஸ் அடையாளம் காணும் ஒரு பெயர்) கொடுத்து, அதற்கு மட்டும் உள்தள்ளலைச் சுழியமாக்கலாம்.

16 · யோகோஹாமாவாசி

நாவலாசிரியர் வகுப்பு கொடுப்பாரா நிரலி? அவர் கையெழுத்துப் பிரதியிலேயே எங்கே சதுரம், எங்கே இல்லை என்று முடிவு செய்து தட்டித்தான் அனுப்புகிறார். அது தோற்றமா, உரையின் பகுதியா? நான் உரையின் பகுதி என்பேன். உரையை வேறு செயலிக்கு நகலெடுத்தாலும் சதுரம் கூடவே போகும், சிஎஸ்எஸ் போகாது. இணையத்தில் நிலைமை வேறு, பலர் உள்தள்ளலையே விட்டுவிட்டுப் பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி விடுகிறார்கள்.

17 · நிரலி

ஏற்கவில்லை. நாவலை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன், கையேட்டை விடமாட்டேன்.

18 · வெள்ளைத்தாள்

சண்டைக்கு நடுவில் ஒரு செய்தி. பத்திகளை ஒற்றை வரியாக்கினேன், மொழிக்குறியை மாற்றினேன், ஸ்ட்ரிக்ட் போட்டேன், நான் தட்டிய இடைவெளி அத்தனையையும் நீக்கினேன். உள்ளே இருந்த பேய்கள் எல்லாம் போய்விட்டன. தலைப்புகள் மட்டும் மீதி. பத்தியில் சொல் உடையலாம் என்றீர்கள், தலைப்பில் உடைந்தால் அம்மையார் விடமாட்டேன் என்கிறார். சுழிய அகல இடைவெளி என்று ஓர் எழுத்து இருக்கிறதாமே, யூ+200பி? கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அங்கே வரி ஒடியலாம் என்கிறார்கள். அதைத் தூவிவிடவா?

19 · நிரலி

தூவாதீர்கள்! கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் அதன் ஆபத்து. யாராவது தலைப்பை நகலெடுத்தால் அதுவும் ஒட்டிக்கொண்டு போகும், தேடலில் சொல் சிக்காது. என் பெயர்ப்பட்டியல் கதை மறுபடி தொடங்கும்.

அதற்குப் பதிலாக ஹெச்டிஎம்எல்லில் 'டபிள்யூபிஆர்' என்ற குறிச்சொல் இருக்கிறது. இங்கே ஒடியலாம் என்று மட்டும் சொல்லும், எழுத்தாக நிற்காது. தலைப்புக்கு மட்டும் கீப்-ஆல் கொடுங்கள், புன்சேத்ஸு முடியும் இடங்களில் டபிள்யூபிஆர் வையுங்கள். அதோடு, ஒரு துண்டே திரையைவிட நீளமானால் அப்போது மட்டும் உடைக்கலாம் என்ற 'ஓவர்ஃப்லோ-ராப்' கட்டளையும் சேர்த்துப் போடுங்கள். கைப்பேசி விபத்து திரும்பாது. துண்டுகளை உங்கள் தோழி பென்சிலால் காட்டுவார், அவரிடம் 'நெ' செருகிப் பார்க்கச் சொல்லுங்கள்.

குரோம் உலாவியில் 2023 முதல் 'ஆட்டோ-ஃபிரேஸ்' என்ற மதிப்பு இருக்கிறது, ஜப்பானியத் துண்டுகளைத் தானே கணித்து ஒடிக்கும். மொழிக்குறி சரியாக இருந்தால்தான் செய்யும். ஆனால் மற்ற உலாவிகளிலும் இருக்கும் என்று நம்பி அதை மட்டும் வைக்க மாட்டேன். பத்திகளுக்கு இதில் எதுவும் வேண்டாம். துண்டு வாரியாக ஒடித்தால் வலது ஓரம் பல்லிளிக்கும்.

20 · வெள்ளைத்தாள்

இன்னொரு சின்னக் கேள்வி. இயந்திரத்தின் மாதிரி எண் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. அதற்கும் ஜப்பானிய எழுத்துக்கும் நடுவில் சிறு இடைவெளி இருந்தால் நன்றாக இருக்கிறது. இதையும் தட்டக்கூடாதா?

21 · ஈயக்கட்டை

அச்சில் அந்த இடத்துக்குக் கால் சதுரம். அதைக் கோப்பவர் வைப்பார், எழுதியவர் அல்ல. வரி நெருக்கினால் அரைக்காலாகக் குறைக்கவும் செய்வார். நீங்கள் இடைவெளி விசையைத் தட்டினால் அது கால் சதுரம் ஆகாது, அந்த எழுத்துரு சொல்லும் அகலம் ஆகும்.

22 · நிரலி

சிஎஸ்எஸ்ஸில் 'டெக்ஸ்ட்-ஆட்டோஸ்பேஸ்' வந்திருக்கிறது. அரைக்கால் சதுரம் விடும், உரையைத் தொடாது. புதிய உலாவிகளில் மட்டும். பழையதில் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும், அதுவும் பிழை அல்ல. அடுத்தடுத்து வரும் மேற்கோள் அடைப்புகளுக்கு நடுவே விழும் ஓட்டையைச் சுருக்க 'டெக்ஸ்ட்-ஸ்பேசிங்-ட்ரிம்' இருக்கிறது, ஐயா சொன்ன அரைச் சதுர வித்தையேதான்.

23 · வெள்ளைத்தாள்

பக்கம் திரும்பி வந்தது. 43 குறிகள் இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று. ஒரு கேள்வி பதில் பகுதியில், மேற்கோளுக்குள் கேள்விக்குறி முடிகிறது. யோகோஹாமாவாசி அண்ணா சொன்னபடி அதன் பின்னால் ஒரு சதுர வெற்றிடம் தட்டினேன். அதன் பிறகுதான் மூடும் மேற்கோள். சதுரத்தைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். இது விதிதானே?

24 · யோகோஹாமாவாசி

முழுவதும் சொல்லாதது என் பிழை. கேள்விக்குறிக்குப் பிறகு அடுத்த வாக்கியம் வந்தால்தான் சதுரம். மூடும் மேற்கோள் உடனே வந்தால் சதுரம் கூடாது. மேற்கோளின் உடம்பிலேயே அரைச் சதுரம் இருக்கிறது, ஈயக்கட்டை ஐயா சொன்னாரே. எடுத்துவிடுங்கள்.

25 · வெள்ளைத்தாள்

எடுத்துவிட்டேன்.